பூசையா, பூஸா? ஒரு பழவேற்காட்டுப் பூனைக்குட்டியின் பூர்வீகம்

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் அடிச்சு ஓய்ந்து பத்து நாள் இருக்கும். மீஞ்சூர் மார்க்கெட்டில் எங்களுக்கு வழக்கமாக மீன் தரும் அக்கா அன்றைக்குத்தான் கூடையோடு திரும்ப வந்து உட்கார்ந்திருந்தார். அவர் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். மடவை இருக்கா என்று கேட்கக் குனிந்தேன். ஐஸ் வைக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்று பக்கத்தில் தனியாக இருந்தது. அதற்குள் பழைய வலைத்துண்டில் சுற்றி, உள்ளங்கை அளவுக்கு ஒரு பூனைக்குட்டி. சாம்பல் கோடு, காதோரம் செதில் ஒட்டியிருந்தது. கையை நீட்டியதும் உஸ்ஸென்று சீறியது.

"தண்ணி ஏறினப்போ தாய் போயிடுச்சு தம்பி. மூணு குட்டி, இது ஒண்ணுதான் வலைக்குடிசை மேல ஏறிக் கெடந்துச்சு. நான் விடிகாலையில கெளம்பினா மதியந்தான் வூட்டுக்குப் போவேன், நாய் இழுத்துட்டுப் போயிடும். நீ வச்சுப் பாத்துக்க. பெரிசானதும் கொண்டாந்து விட்டுடு. பூனை இல்லாட்டி எலி வலையை வுட்டு வைக்காது."

இதில் இரண்டு விஷயம் எனக்கு உறைத்தது. ஒன்று, இது தானம் இல்லை, கடன். திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு, அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியம். பூனைக்கு வீட்டில் என்ன வேலை என்று கேட்டால் நகரத்தில் இருக்கும் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. அந்த அக்காவுக்குத் தெரிகிறது: வலையைக் காப்பது.

எனக்குப் பூனை வளர்த்த அனுபவம் கிடையாது. இருந்த ஒரே அனுபவம் கசப்பானது. ஏழாம் வகுப்பு படிக்கும்போது தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்து, இங்க் ஃபில்லரால் மாட்டுப்பால் புகட்டினேன். வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் செத்துப்போச்சு. பால் கொடுத்துமா செத்தது என்று அழுதேன். பால் கொடுத்ததால்தான் என்பது தெரிய முப்பது வருஷம் ஆனது. அதனால் இந்த முறை, பழக்கப்பட்ட வேலையைச் செய்தேன். ஒரு பக்கம் எக்செல் ஷீட் திறந்து தினமும் எடை குறித்தேன். இன்னொரு பக்கம், ராத்திரி குட்டி தூங்கும் நேரத்தில், இந்தப் பிராணி நம்ம கடற்கரைக்கு எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தேன். இந்தப் பதிவு இரண்டும் கலந்தது.

430 கிராம்

முதல் நாள் எடை 430 கிராம். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பக்கத்துப் பால்பற்கள் வந்திருந்தன, கண்ணில் இன்னும் நீலம் போகவில்லை. "ஆறு வாரம் இருக்கும். அந்த வயசுக்கு எடை ரொம்பக் கம்மி" என்றார். பெண் குட்டி. குடற்புழு மருந்து கொடுத்தார். உடம்பு குளிர்ந்து இருந்தால் உணவு செரிக்காது, முதலில் சூடு, அப்புறம்தான் சாப்பாடு என்றார். துண்டில் சுற்றிய வெந்நீர் பாட்டில், மூடி எடுத்த அட்டைப்பெட்டி, குளியலறையை ஒட்டிய சின்ன அறை. பால் வேண்டாம். பூனைக்குட்டி வளர வளர, பாலில் இருக்கும் லாக்டோஸை உடைக்கும் நொதி அதன் குடலில் குறைந்துகொண்டே போகிறது. அதோடு மாட்டுப்பாலில் தாய்ப்பூனையின் பாலைவிடப் புரதமும் கொழுப்பும் குறைவு. குட்டிகளுக்கென்று விற்கும் ஈர உணவு, முள் நீக்கி உப்பில்லாமல் வேகவைத்த மீன் கொஞ்சம், பக்கத்தில் தண்ணீர். அவ்வளவுதான்.

அவர் இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "மனுஷங்களோட பழகணும்னா இப்பவே பழக்குங்க. இன்னும் ரெண்டு வாரம் போனா கஷ்டம்."

தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எய்லீன் கார்ஷ் என்ற உளவியலாளர் 1980களில் செய்த ஆய்வுதான் இதற்கு அடிப்படை. சில குட்டிகளை மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் கையில் எடுத்துப் பழக்கினார். சிலவற்றை ஏழாம் வாரத்திலிருந்து. சிலவற்றைத் தொடவே இல்லை. பிறகு எது மனிதரிடம் தானாக வருகிறது, எது மடியில் தங்குகிறது என்று அளந்தார். மூன்றாம் வாரத்தில் தொடங்கியவை நெருங்கின. ஏழாம் வாரத்தில் தொடங்கியவை, தொடவே படாத குட்டிகளிலிருந்து பெரிய வித்தியாசம் காட்டவில்லை. ஏறத்தாழ இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை ஒரு கதவு திறந்திருக்கிறது, பிறகு மெல்ல மூடுகிறது. அதற்கப்புறமும் பழக்கலாம், ஆனால் பல மடங்கு பொறுமை வேண்டும். தினம் 15 நிமிஷம் பழக்கிய குட்டிகளைவிட 40 நிமிஷம் பழக்கியவை அதிகம் ஒட்டின என்பதும் அவர் கண்டதே.

என் கையில் இருந்தது ஆறு வாரக் குட்டி. கதவு பாதிக்கு மேல் சாத்தியாகிவிட்டது.

வெருகும் பூசையும்

ராத்திரி பெட்டி மூலையில் அது சீறிக்கொண்டு கிடக்க, நான் தரையில் உட்கார்ந்து புறநானூறு புரட்டினேன். சங்கப் பாடல்களில் பூனை என்றால் பெரும்பாலும் வெருகு. 326-ஆம் பாட்டு ஒரு ராத்திரிக் காட்சி. பழைய ஊர் வேலியோரம் வெருகு பதுங்கி வருகிறது. இளம் பெட்டைக்கோழி பயந்து கத்துகிறது. பஞ்சு நூற்கும் பெண் ஒருத்தி சின்ன விளக்கை ஏற்றுகிறாள். அந்த வெளிச்சத்தில் பக்கத்தில் சேவல் இருப்பதைப் பார்த்துக் கோழி அடங்குகிறது. குறுந்தொகை 139-இல் ஒக்கூர் மாசாத்தியாரும் இதே மாதிரி ஒரு மாலை நேரத்தைச் சொல்கிறார். வேலிக்கு வெருகு வந்ததும் தாய்க்கோழி குஞ்சுகளைக் கூவிச் சேர்த்துக்கொள்கிறது.

இரண்டிலும் கவனியுங்கள். பூனை வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. கோழி வீட்டுப் பிராணி, பூனை திருடன். அது பெரும்பாலும் நம்ம ஊர்ப் புதர்களிலும் ஏரிக்கரைக் கோரையிலும் இன்றும் திரியும் காட்டுப்பூனையாக இருக்கும். நீளமான கால், குட்டை வால், காது நுனியில் கொஞ்சம் மயிர்.

தொல்காப்பிய மரபியல் இதில் ஒரு சுவையான குறிப்பு தருகிறது. வெருகைப் பூசை என்றும் சொல்வது வழக்கம் என்கிறது. அதே இயல் இளமைப் பெயர்களைப் பட்டியல் போடும்போது கீரி, வெருகு, எலி, அணில் நான்கையும் ஒரே கூட்டமாக வைத்து, இவற்றின் குஞ்சுகுளுவான்களைக் குட்டி என்று சொல்லலாம், பறழ் என்றாலும் தப்பில்லை என்கிறது. வேட்டையாடுவதையும் வேட்டையாடப்படுவதையும் ஒரே வரிசையில் உட்காரவைத்த இலக்கணக்காரரின் குறும்பை ரசித்தேன். நாம் இன்றைக்கும் அணில்பிள்ளை, கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை என்கிறோம். பூனைக்கு மட்டும் பிள்ளைப் பட்டம் கொடுக்கவே இல்லை. குட்டியோடு நிறுத்திவிட்டோம்.

பூசை என்ற சொல் மலையாளத்தில் பூச்ச ஆக இருக்கிறது. சிங்களத்தில் பூசா. கம்பர் ராமாயணத்தின் அவையடக்கத்தில் தன்னைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புறப்பட்ட பூசையோடுதான் ஒப்பிடுகிறார். இன்றைய தமிழ்ப் பேச்சில் பூசை மறைந்து பூனை நின்றுவிட்டது.

ஒரு கண்டுபிடிப்பு, அதன் மரணம்

நாலாம் நாள் ராத்திரி எனக்கு ஒரு 'கண்டுபிடிப்பு' கிடைத்தது. டச்சு மொழியில் பூனையைச் செல்லமாக எப்படிக் கூப்பிடுவார்கள் தெரியுமா? பூஸ்!

பழவேற்காட்டுக்காரனுக்கு இது சாதாரண விஷயமா? டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1609 வாக்கில் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். ஹாலந்தில் இருக்கும் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயர் அது. 1690 வாக்கில் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். இங்கே பீரங்கி மருந்து செய்தார்கள், துணி மூட்டை கட்டினார்கள், அடிமை வியாபாரமும் செய்தார்கள். 1825-இல் ஆங்கிலேயரிடம் ஊர் கைமாறியது. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதரும் அகழியும். வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது.

இருநூறு வருஷம் இங்கே குடும்பம் நடத்தியவர்கள், கரையில் பூசை என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய் பூஸ் ஆக்கிவிட்டார்கள்! கட்டுமரம், மிளகுத்தண்ணி மாதிரி தமிழ் கொடுத்த இன்னொரு சொல்! தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

காலையில் காபி குடித்துவிட்டுத் தேதிகளைச் சரிபார்த்தேன். ஆங்கிலத்தில் 'புஸ்' என்ற சொல் 16-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே எழுத்தில் வந்துவிட்டது. டச்சுக் கப்பல் பழவேற்காட்டைப் பார்ப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னால். வட ஜெர்மனிப் பேச்சு வழக்கிலும் அதே போன்ற சொல் இருக்கிறது. அப்புறம் மறுபக்கம் யோசித்தால், மரபியலிலும் கம்பரிலும் இருக்கும் பூசை, டச்சுக்காரர்களிடமிருந்து நாம் வாங்கியதாகவும் இருக்க முடியாது. இரண்டும் தனித்தனி. பூனையை அழைக்க உலகத்தில் பல இடங்களில் மனிதர்கள் உதட்டைக் குவித்து ப்ஸ் ப்ஸ் என்கிறார்கள். பூனையின் காது அந்த உயர்ந்த சத்தத்துக்கு உடனே திரும்பும், எலியின் கீச்சொலியும் அந்த உயரத்தில்தான். சொல் எதுவும் கப்பலேறவில்லை.

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அமெச்சூர் ஆராய்ச்சியில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் தடுக்கி விழும் குழி இதுதான். ரெண்டு சொல் ஒரே மாதிரி ஒலித்தால் போதும், கதை கட்டிவிடுவோம். கோடு எழுதும்போது டெஸ்ட் போடாமல் ரிலீஸ் பண்ண மாட்டோம். வரலாற்றில் மட்டும் பண்ணுவோம்.

சொல் கப்பலேறவில்லை, சரி. பூனை ஏறியதா?

கப்பலேறிய பூனைகள்

இங்கே கதை நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக விரிந்தது.

உலகத்தில் இருக்கும் வீட்டுப்பூனைகள் எல்லாம் எங்கிருந்து வந்தன? கார்லோஸ் டிரிஸ்கால் குழு 2007-இல் 979 பூனைகளின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டுப்பூனை எதுவானாலும் அதன் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஒரு காட்டுப்பூனை வகைதான். நம்ம ஊர் வெருகு அந்த வம்சம் இல்லை. சைப்ரஸ் தீவில் 9,500 வருஷத்துக்கு முந்தைய ஒரு மனிதக் கல்லறைக்குப் பக்கத்திலேயே எட்டு மாதப் பூனை ஒன்றையும் புதைத்திருந்தார்கள். அந்தத் தீவில் பூனை இயற்கையாகக் கிடையாது. ஆக, யாரோ படகில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். மனிதனோடு பூனை சேர்ந்ததற்கு நமக்குக் கிடைத்திருக்கும் முதல் தடயமே ஒரு படகுப் பயணம்!

சிந்துவெளியிலும் தடயம் உண்டு. சான்ஹுதாரோவில் 1930களில் மெக்கே தோண்டியபோது கிடைத்த ஒரு செங்கல்லில் பூனையின் காலடியும் நாயின் காலடியும் பதிந்திருந்தன. காயாத செங்கல் மேல் பூனை ஓட, பின்னால் நாய் துரத்தியிருக்கிறது. நாலாயிரம் வருஷம் கழித்தும் எங்கள் தெருவில் அதே காட்சி.

எனக்குப் புல்லரித்த இடம் எகிப்து. செங்கடல் கரையில் பெரனிகே என்ற துறைமுகம். ரோமானியர் காலத்தில் நம்ம பக்கத்து மிளகு போய் இறங்கிய ஊர். அங்கே கோயில் ஒன்றில் இந்தியாவில் செய்த ஜாடிக்குள் ஏழரை கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. தமிழ் பிராமி எழுத்து கீறிய பானை ஓடும் கிடைத்தது. அந்த ஊரின் ஓரத்தில் போலந்து ஆய்வாளர் மார்த்தா ஓசிபின்ஸ்கா தோண்டியபோது செல்லப் பிராணிகளின் இடுகாடு ஒன்று வெளிவந்தது. கி.பி. 1, 2-ஆம் நூற்றாண்டு. 585 விலங்குகள், அதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பூனைகள். பலி கொடுத்தவை இல்லை, மம்மி ஆக்கியவையும் இல்லை. இயல்பாகச் செத்தவற்றைத் துணியில் சுற்றியோ பானை ஓட்டால் மூடியோ தூங்குவதுபோலப் படுக்கவைத்திருக்கிறார்கள். சில பூனைகளின் கழுத்தில் இரும்பு வளையம், சிலவற்றில் மணிமாலை. வயசாகிப் பல் விழுந்த நாய்களும் அங்கே இருந்தன. யாரோ அவற்றுக்கு மென்மையாகச் சமைத்துப் போட்டால் ஒழிய அந்த வயது வரை வாழ்ந்திருக்க முடியாது. இந்தியாவிலிருந்து போன குரங்குகளையும் அங்கே புதைத்திருக்கிறார்கள்.

2017-இல் கிளாடியோ ஓட்டோனி குழு வெளியிட்ட ஆய்வு 200க்கும் மேற்பட்ட பழங்காலப் பூனைகளின் தாய்வழி டிஎன்ஏவைப் படித்தது. அதில் பெரனிகே பூனை ஒன்று எகிப்திய வம்சமில்லை. அதன் தாய்வழி, ஆசியக் காட்டுப்பூனை. ராஜஸ்தான், குஜராத் முதல் மத்திய ஆசியா வரை வாழும் இனம் அது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தத் துறைமுகத்துக்குக் கடல் வழியாகப் பூனைகளும் போயின என்பதற்கு அது தடயம். போன கப்பல் திரும்பியும் வந்திருக்கும், வந்தபோது பூனையோடு வந்திருக்கும் என்பது என் ஊகம். மூட்டை இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் கப்பல்காரன் பூனையை விடமாட்டான்.

இது பிற்காலத்தில் சட்டமாகவே ஆனது. மத்தியதரைக் கடல் பகுதியில் 14-ஆம் நூற்றாண்டில் புழங்கிய கடல் வணிகச் சட்டத் தொகுப்பு ஒன்று பார்சிலோனாவில் உருவானது. கப்பலில் பூனை இல்லாமல் எலி சரக்கைக் கடித்தால் நஷ்டத்தைக் கப்பல்காரர் கட்டவேண்டும் என்கிறது அது. பூனை அங்கே செல்லம் இல்லை, இன்ஷூரன்ஸ் பாலிசி. பழவேற்காட்டுக் கிடங்குகளில் துணி மூட்டை அடுக்கிய அதே 17-ஆம் நூற்றாண்டில், டச்சு ஓவியர் யான் ஸ்டேன் குழந்தைகள் ஒரு பூனையை நடனமாட வைக்கும் காட்சியை வரைந்தார். அது இன்று ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலைக்காரப் பூனையும் விளையாட்டுப் பூனையும் ஒரே வீட்டில்.

மீஞ்சூர் அக்கா சொன்ன ஒப்பந்தம் இதேதான். வலையைக் காப்பாற்று, மீன் தலை உனக்கு.

தரையில் உட்கார்ந்த நாற்பது நிமிஷம்

குட்டி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் நாளே என் விரலைக் கடித்துவிட்டது, ரத்தம் வந்தது. தவறு என்னுடையது, பெட்டிக்குள் கைவிட்டு மேலிருந்து தூக்கப் பார்த்தேன். மேலிருந்து வரும் கை பருந்து மாதிரி. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி போட ஆரம்பித்தேன். பூனைக் கடியிலும் ரேபிஸ் வரலாம், சின்னக் குட்டிதானே என்று விடக்கூடாது. பூனை எடுப்பவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

அதன்பின் முறையை மாற்றினேன். தினம் நாலு தடவை, தடவைக்குப் பத்துப் பத்து நிமிஷம், கார்ஷ் சொன்ன நாற்பது. தரையில் பக்கவாட்டாக உட்கார்வது. நேராக முறைத்துப் பார்க்காமல் இருப்பது. பார்க்க நேர்ந்தால் கண்ணை மெதுவாக மூடித் திறப்பது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள், அப்படிச் செய்பவரிடம் பூனை நெருங்கி வருவது அதிகம். சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு ஓடாமல், நீளக் கரண்டியில் நீட்டுவது, ஒவ்வொரு நாளும் கரண்டியைக் கொஞ்சம் குட்டையாகப் பிடிப்பது. பெட்டியில் ஒளிய இடம் எப்போதும் இருக்கவேண்டும். ஒளிய இடம் இருக்கிற பிராணிதான் வெளியே வரத் துணியும். கையை விளையாட்டுப் பொருளாகக் கொடுக்கக்கூடாது, அதற்குக் கயிற்றில் கட்டிய துணி.

மூன்றாம் நாள் 441 கிராம், சீறல் மட்டும். ஐந்தாம் நாள் கரண்டியில் சாப்பிட்டது. ஏழாம் நாள் 489 கிராம். அன்று என் பையன் கணக்குப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவன் முட்டியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடியது. ஒன்பதாம் நாள் கன்னத்தைத் தடவ விட்டது. தொண்டையில் கர்ர்ர் என்று ஒரு மோட்டார் ஓடியது. அறை வாசலில் நின்று என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்திருப்பாள், கேட்கவில்லை.

அம்மாவுக்குத்தான் ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. குறுக்கே போனா காரியம் கெட்டுப்போகும் என்று. ஒருநாள் குட்டி சோபாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கத்தியபோது, அம்மாவே குனிந்து இரண்டு கையாலும் அடிவயிற்றைத் தாங்கி எடுத்தார். எடுத்துவிட்டு, "இதைத்தான்டா பெருமாள் பண்றார்னு தென்கலைக்காரங்க சொல்றது" என்றார்.

வைணவத்தில் அந்த வாதம் பிரசித்தம். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், அதுபோல பக்தனும் முயற்சி செய்யவேண்டும் என்பது வடகலை. பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் கவ்விக்கொண்டு போகும், அருள் அப்படித்தான் வரும் என்பது தென்கலை. மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம். வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் வாழ்ந்த 13, 14-ஆம் நூற்றாண்டுகளின் சிந்தனையிலிருந்து கிளைத்த பிரிவு. அந்த உவமை பிறக்க வேண்டுமானால், பூனை வீட்டுக்குள் குட்டி போட்டு, அதை ஒவ்வோர் இடமாகக் கவ்விக்கொண்டு போவதை எல்லோரும் அன்றாடம் பார்த்திருக்க வேண்டும். சங்கப் பாட்டில் வேலிக்கு வெளியே நின்ற பிராணி இப்போது அடுப்பங்கரையில் இருக்கிறது. நடுவில் ஏழாம் நூற்றாண்டு மாமல்லபுரம். பெரிய பாறைச் சிற்பத்தில் பின்னங்காலில் நின்று கையைத் தூக்கித் தவம் செய்யும் பூனையும், அதைச் சுற்றி நம்பிக்கையோடு நிற்கும் எலிகளும். மகாபாரதத்தில் வரும் போலிச் சாமியார்ப் பூனைக் கதை அது. பூனை எலியைப் பிடிக்க எப்படிக் காத்திருக்கும் என்று அருகில் இருந்து பார்த்தவன் செதுக்கியது. வேலி, பாறை, அடுப்பங்கரை: இந்த மூன்றையும் வரிசையாக வைத்தால் தமிழ்நாட்டில் பூனை வீட்டுக்குள் வந்த வழி ஓரளவு தெரிகிறது.

கடனைத் திருப்புதல்

ஜனவரி கடைசியில் ஒரு கிலோவைத் தாண்டியது. தடுப்பூசிகள் ஆயிற்று. எங்கள் நாலு பேரிடமும் வரும், புதியவர் வந்தால் பீரோ மேல் ஏறிவிடும். ஆறு வாரத்தில் தொடங்கியதற்கு இவ்வளவுதான் கிடைக்கும், இதுவே அதிகம் என்றார் மருத்துவர்.

அப்போதுதான் உண்மையான சிக்கல் வந்தது. நான் இதை மனிதனை நம்பப் பழக்கிவிட்டேன். நம்பப் பழகிய பூனையைக் குப்பத்தில் கொண்டுபோய் விட்டால், நாயையும் வண்டியையும் கல்லெறியும் பையன்களையும் அது நம்பித் தொலைக்குமே? வேட்டையைக் குட்டிகள் தாயிடம் பார்த்துக் கற்கும், இதற்குத் தாய் இல்லை. மீன் டப்பா திறக்கும் சத்தத்துக்கு ஓடிவரும் பிராணி எலி பிடிக்குமா? இன்னொரு பக்கம், வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வலை ஒன்றுக்கு அவர்கள் போடும் காசு என் சம்பளக் கணக்கில் சிறிதாக இருக்கலாம், அவர்கள் கணக்கில் அப்படியில்லை.

மார்க்கெட்டில் அக்காவிடம் மென்று விழுங்கிச் சொன்னேன். "நாங்களே வச்சுக்கட்டுமாக்கா? வேணும்னா வேற பூனை..."

அவர் சிரித்தார். "தம்பி, கையில வளந்த பூனைதான் வலைகிட்ட தங்கும். காட்டுல வளந்தது மீனைத் தின்னுட்டுப் போயிடும். ஆளு வாசனை தெரிஞ்சதுதான் வூட்டைக் காக்கும்."

நான் இரண்டு மாதமாக ஆய்வுக் கட்டுரைகளில் தேடியதை அவர் தராசைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். பெரனிகேயில் மணிமாலை போட்டுப் புதைத்ததும் துறைமுகக் கிடங்கில் எலி பிடித்த பூனைகளைத்தான். அன்பு வேறு, வேலை வேறு என்று பிரித்தது நான். அவர்களும் பிரிக்கவில்லை, இவரும் பிரிக்கவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன், கருத்தடை செய்துவிட்டுத்தான் தருவேன் என்று. "குட்டி போடாத பூனை எலி புடிக்குமா?" என்று சந்தேகப்பட்டார். பிடிக்கும், வேட்டை குணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அடுத்த வெள்ளத்தில் மூணு குட்டியைத் தேட வேண்டியிருக்காது என்றேன். வெள்ளத்தைச் சொன்னதும் பேசாமல் தலையாட்டினார்.

ஜூனில் கொண்டுபோனேன். ஒரேயடியாக விடவில்லை. வலைக்குடிசையில் பெரிய கூண்டு வைத்து, எங்கள் வீட்டுத் துண்டோடு இரண்டு வாரம் உள்ளேயே. பூனை மனிதர்களைவிட இடத்தை அதிகம் பிடித்துக்கொள்ளும், புது இடம் தன் இடம் என்று மூக்குக்குப் புரியும்வரை திறக்கக்கூடாது. அக்காதான் கரண்டியில் சோறு கொடுத்தார், நான் சொல்லிக்கொடுத்த மாதிரி பக்கவாட்டாக உட்கார்ந்து. நான் மூன்று தடவை போய் வந்தேன். மூன்றாம் தடவை கூண்டு திறந்திருந்தது, பூனை வலைக்குவியல் மேல் காலை மடக்கிப் படுத்திருந்தது.

கூப்பிட்டேன், பழக்கதோஷத்தில் ப்ஸ் ப்ஸ் என்று. காது மட்டும் என் பக்கம் திரும்பியது. கண்ணை மெதுவாக மூடித் திறந்தது. இறங்கி வரவில்லை. பின்னால் அக்கா அலுமினியக் கூடையைத் தரையில் வைத்த சத்தம் கேட்டதும் குதித்து இறங்கி, என்னைத் தாண்டி அவர் காலடிக்குப் போனது.

"எலி?" என்றேன்.

"நேத்து ரெண்டு" என்றார். "ஒண்ணைக் கொண்டாந்து என் தலைமாட்டுல வச்சுட்டுப் போயிருக்கு, சனியன்."

சனியன் என்று சொல்லிவிட்டு, ஒரு மடவைத் தலையை வெட்டி அதன் முன்னால் போட்டார்.